இடது பக்கம் ஒழுகிய வண்டி

காலை ஆறு மணி இருபது நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை பூனையின் காலடிகள். மாடிப்படியின் சிமெண்டில் கீழிருந்து கறுப்பாக ஏறி வந்து என் அறை வாசலில் முடிந்திருந்தன. பூனையைக் காணோம். குனிந்து ஒரு தடத்தைத் தொட்டேன். எண்ணெய். மோந்து பார்த்தேன். சமையல் எண்ணெய் இல்லை.

அப்போது நான் முத்துப்பேட்டையில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். ஆற்றில் தண்ணீர் திறந்தது, திறந்த தண்ணீர் கடைமடைக்கு வராதது, கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகள் நனைந்தது ஆகிய மூன்று செய்திகளைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றி அனுப்புவேன். பூனைத் தடம் அந்த மூன்றிலும் சேராது. இருந்தாலும் தடத்தைப் பின்னோக்கிப் படித்தபடி இறங்கினேன். இறங்க இறங்கக் கறுப்பு கூடியது. படியின் கீழே, எப்போதும் சாத்தியிருக்கும் கதவு ஒரு பூனை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் கூடம். கூடத்தில் பூப்போட்ட படுக்கை விரிப்பு போர்த்திய ஒரு மோட்டார் சைக்கிள். அதன் பின் சக்கரத்துக்கு அடியில், இடது பக்கமாக, சிவப்புத் தரையில் ஒரு தோசை அகலத்துக்கு எண்ணெய்.

வீட்டுக்காரர் அதன் அருகே குந்தி உட்கார்ந்திருந்தார். ஊரில் பாதிப் பேர் பாய்கள்தான் என்றாலும் எங்கள் தெருவில் பாய் என்றால் அவர் ஒருவரையே குறிக்கும். ஜவுளிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். ஒல்லியான மனிதர். சைக்கிள் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது.

“சார், நீங்களே பாருங்க. ராத்திரி படுக்கிறப்ப இல்ல. சும்மா நின்ன வண்டி சார் இது” என்றார்.

வண்டி அவருடைய மாப்பிள்ளையுடையது. அந்த ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இந்த மாப்பிள்ளை துபாயிலிருந்து வருவார். புதிய பொருளாதாரக் கொள்கையைப் பற்றி எங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் தினமும் ஏதாவது வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவுக்கு அந்தக் கொள்கை இந்தச் சிவப்பு நிற நூறு சி.சி. வண்டியின் உருவத்தில் வந்து சேர்ந்தது. கல்யாண விடுமுறையில் வாங்கி, சில வாரங்கள் மன்னார்குடிக்கும் கடற்கரைக்கும் ஓட்டிவிட்டு, மாமனார் கூடத்தில் நிறுத்திவிட்டு அவர் விமானம் ஏறினார். இரண்டு வருடம் ஆகியிருந்தது. வரும் சனிக்கிழமை திரும்பி வருகிறார். அன்று புதன்.

பாயின் கவலை வண்டியைப் பற்றியது அல்ல. கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது மாப்பிள்ளை, “இந்தத் தடவை அவளையும் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு, வந்து பேசிக்கலாம்” என்று சொல்லியிருந்தார். மகள் முதல் பாதியைக் கேட்டுவிட்டுப் பெட்டி வாங்கிவிட்டாள். பாய் இரண்டாம் பாதியைக் கேட்டுவிட்டுத் தூக்கத்தை விட்டுவிட்டார். வந்து பேசிக்கலாம் என்றால், பேச ஏதோ இருக்கிறது என்று பொருள். இப்போது அந்தப் பேச்சுக்கு நடுவில் இந்த எண்ணெய் வந்து நின்றது.

“நம்பி விட்டுட்டுப் போன வண்டியையே இந்த லட்சணத்துல வெச்சிருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா, அதுக்கப்புறம் எம்மவ விஷயத்தை நான் எப்படி எடுக்கிறது?”

நான் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் கீழேயிருந்து கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம் மாடிக்கு வரும். எண்ணெய் போடாத ஊஞ்சல் என்று முடிவு செய்திருந்தேன். கூடத்தில் ஊஞ்சல் இல்லை. உத்தரத்தில் கொக்கியும் இல்லை. அப்போதைக்கு அதை விட்டுவிட்டேன்.

மெக்கானிக்கைக் கூட்டி வரும் வேலை எனக்கு வந்தது. வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போக முடியாது, தெரு பார்க்கும். தெரு பார்த்தால் அடுத்த தெருவில் இருக்கும் மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியும். எனவே மெக்கானிக் கொல்லைப்புறமாக வரவேண்டும், ஸ்பேனர்களை மளிகைப் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று பாய் நிபந்தனை போட்டார். மெக்கானிக் அப்படியே வந்தார். பையின் மேலே மறைப்புக்கு ஒரு கட்டுக் கீரையும் வைத்திருந்தார்.

அவர் முதலில் வண்டியைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தார்.

“யாரு ஓட்டினது?”

“யாரும் ஓட்டலைப்பா.”

“பாய், நான் போலீஸ் இல்ல. சும்மா சொல்லுங்க.”

“அல்லா மேல சத்தியமா யாரும் ஓட்டலை.”

மெக்கானிக் குனிந்து இடது பக்கத்துப் பின் ஷாக் அப்சார்பரை விரலால் வழித்தார். விரல் கறுத்தது. வலது பக்கம் வழித்தார். தூசிதான் ஒட்டியது.

“இடது பக்கம் ஷாக் போயிடுச்சு.”

பாய் யோசித்தார். “ஷாக் போயிடுச்சுன்னா நல்லதுதானே?”

“இது கரண்டு ஷாக் இல்ல பாய். பள்ளத்துல இறங்குனா அந்த இடி உங்க இடுப்புக்கு வராம இதுதான் வாங்கிக்கும். உள்ள எண்ணெய் இருக்கு. கம்பி உள்ள போயிட்டுப் போயிட்டு வரும். எண்ணெய் வெளிய வராம வாயில ஒரு சீல் இருக்கும். அந்த சீல் போச்சு.” எழுந்து முன்பக்கம் போய் மீட்டரைப் பார்த்தார். டயரை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. “கிலோமீட்டர் கம்மி. டயர் புதுசு. ஷாக் மட்டும் கிழவனாயிடுச்சு. மீட்டர் கேபிளைக் கழட்டிட்டுத்தான் ஓட்டியிருக்கீங்க. பின்னாடி நெல்லு மூட்டை ஏத்தியிருக்கீங்க. நான் பாக்காத வண்டியா?”

பாய் என் பக்கம் திரும்பினார். “சார், மேல இருக்கீங்க. என்னிக்காவது இந்த வண்டி ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டிருக்கீங்களா?”

“இல்ல.”

“கேட்டியாப்பா? பேப்பர்க்காரர் சொல்றாரு.”

“பேப்பர்ல வர்றதெல்லாம்…” என்று ஆரம்பித்த மெக்கானிக் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒழுகல் பழைய கறையா, இப்போதும் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். இரண்டு பக்கத்தையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தார். இனிப் பின்பக்கம் கனம் ஏற்றி அழுத்தி விட வேண்டும். நல்ல ஷாக் ஒரு தடவை எழுந்து நிற்கும். கெட்டுப்போனது தவளைபோலத் துள்ளும். மெக்கானிக் சொல்ல, நான் ஏறி உட்கார்ந்தேன்.

“பத்தாது சார். ரெண்டாள் கனம் வேணும். பாய், நீங்களும்…” என்றவர் பாயின் உடம்பைப் பார்த்து வாக்கியத்தை முடிக்கவில்லை.

உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து பாயின் மனைவி பாயம்மாவின் குரல் வந்தது. “அரிசி மூட்டை இருக்குல்ல. அதைத் தூக்கி வைக்கிறது.”

உள்ளேயிருந்து அரிசி மூட்டை வந்தது. இருக்கையின் பின்பாதியில் அதை நிறுத்தி, சாயாமலிருக்க ஒரு கயிறும் கட்டினார்கள். முன்பாதியில் நான். மெக்கானிக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, நான் எம்பி எம்பி உட்கார்ந்தேன். வண்டி துள்ளியது. மூட்டை துள்ளியது. மெக்கானிக் துடைத்த இடது கம்பியில் மெல்லிய எண்ணெய் வளையம் ஒன்று பளபளத்தது. “அதோ!” என்று மூவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.

நிமிர்ந்தபோது வாசல் கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் யார் யார் போவது என்று பேச வந்தவர். தன் மகனின் வண்டியையும், அதன்மேல் கட்டியிருந்த மூட்டையையும், மூட்டைக்கு முன்னால் ஓட்டுகிற தோரணையில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார்.

“நல்லாருக்கு சம்பந்தி. வாடகைக்கு விட்டிருக்கீங்களா?” என்றார்.

பாய் எழுந்தார். “நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல…”

“நான் ஒண்ணும் நெனைக்கலை. கண்ணுதான் பாக்குது. எம்புள்ள வேர்வை சிந்தி வாங்கின வண்டி. மூட்டை ஏத்தியிருக்கு. மேல குடியிருக்கவரு ஓட்டுறாரு. பக்கத்துல ரிப்பேர்காரன் நிக்கிறான்.”

“மூட்டை இப்பத்தான் ஏத்தினோம்…”

“அடுத்த மூட்டை உள்ள இருக்கா?”

நான் இறங்கப் பார்த்தேன். நான் இறங்கினால் மூட்டைக் கனத்தில் வண்டி சாயும் என்பதால் மெக்கானிக், “இறங்காதீங்க சார்” என்றார். எனவே இந்த விசாரணை முழுவதிலும் நான் வண்டியின் மேலேயே இருந்தேன்.

திரைக்குப் பின்னால் மகள் விசும்புவது கேட்டது. அதைக் கேட்டதும் பாய் குரலை உயர்த்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

“சம்பந்தி, இந்த வண்டியை நாங்க ஒரு நாளும் ஓட்டலை. மாப்பிள்ளை என்ன சொன்னாரோ அதை மட்டும்தான் செஞ்சோம். வெள்ளிக்கிழமை தவறாம ஆட்டினோம்.”

“என்னது?”

“ஆட்டினோம்.”

“எதை?”

“வண்டியை.”

தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

பாய் விளக்கினார். துபாய் போய்ச் சேர்ந்த முதல் மாதத்தில் மாப்பிள்ளை கூப்பிட்டார். லைன் இரைச்சலாக இருந்தது. வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, சும்மா நின்றால் கெட்டுப்போகும், வாரம் ஒரு தடவை ஆட்டுங்க மாமா என்றார். பாய் சரியாகக் கேட்கவில்லை என்று திரும்பக் கேட்டார். ஆட்டுங்க மாமா, நல்லா ஆட்டுங்க என்றார். அதிலிருந்து ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஆட்டுகிறார்கள். ரமலானிலும் விடவில்லை.

“எதுக்கு ஆட்டணும்னு கேக்கலியா பாய்?” என்றார் மெக்கானிக், மெதுவாக.

“அதுல கேக்க என்ன இருக்கு? வண்டிக்குள்ள எண்ணெய் இருக்கு. சும்மா நின்னா எண்ணெய் அடியில தங்கிடும். மருந்து பாட்டிலைக் குலுக்கறோம்ல?”

“அவரு *ஓட்டுங்க*ன்னு சொல்லியிருப்பாரு பாய்.”

“எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சவரு ஓட்டுங்கன்னு சொல்வாரா? அதான் ஆட்டச் சொன்னாரு.”

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் விடவில்லை. “எங்க, ஆட்டிக் காட்டுங்க” என்றார்.

என்னையும் மூட்டையையும் இறக்கினார்கள். பாயம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து கைப்பிடியைப் பிடித்தார். பாய் பின்னால் போய் இரண்டு உள்ளங்கைகளையும் இருக்கையின் வாலில் வைத்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து இடது பக்கம் நின்றாள். வலது பக்கம் சுவர்; அங்கே ஆள் நிற்க இடமில்லை. பாய் “பிஸ்மில்லா” என்றார். மூன்று பேரும் ஒரே மூச்சில் அழுத்தினார்கள்.

கிறீச், கிறீச்.

இரண்டு வருடம் காலுக்கு அடியில் கேட்ட ஊஞ்சல் அதுதான். மூவருக்கும் தாளம் கைவந்திருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே அழுத்தினார்கள், விட்டார்கள், அழுத்தினார்கள். மகள் முழு உடம்பையும் சாய்த்து, மற்ற இருவரையும்விடப் பலமாக அழுத்தினாள். இடது கம்பியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்து, கீரைக்கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. “கதை நல்லாத்தான் இருக்கு. சனிக்கிழமை எம்புள்ள வரட்டும். அவன் வாயால கேக்குறேன்” என்று சொல்லிவிட்டு, வாடகைக் காரைப் பற்றிப் பேசாமலேயே போனார்.

மதியம் கொல்லையில் கிணற்றடியில் வைத்து மெக்கானிக் ஷாக் அப்சார்பரைக் கழற்றினார். அதைச் சுற்றியிருந்த ஸ்பிரிங் சுருளைக் கீழே அமுக்கிப் பிடித்தால்தான் மேலே உள்ள பூட்டு கழலும். நான் அமுக்கினேன், முடியவில்லை. பாய் வந்து நிறுத்தி வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார். இரண்டு வருடப் பழக்கம். பூட்டு கழன்றது.

உள்ளே இருந்த கம்பியை வெயிலில் திருப்பிக் காட்டினார் மெக்கானிக். குரோமியப் பூச்சில் அம்மைத் தழும்புபோல நுண்ணிய துருப்புள்ளிகள். அலையாத்திக் காட்டுப் பக்கமிருந்து வருகிற உப்புக் காற்று, நிற்கிற வண்டியின்மேல் வேலை செய்திருந்தது. அந்தத் துரு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரப்பர் சீலின் வாயை அரம்போல அறுத்திருந்தது.

“ஓட்டியிருந்தா துரு பிடிச்சிருக்காது. ஆட்டாம சும்மா விட்டிருந்தா துருவோட போயிருக்கும், சீல் கிழிஞ்சிருக்காது. ரெண்டும் இல்லாம நடுவுல ஒண்ணு செஞ்சிருக்கீங்க பாய். இப்படி ஒரு நோவை நான் பாத்ததே இல்ல.”

“இடது பக்கம் மட்டும் ஏன்?” என்று கேட்டேன்.

மெக்கானிக் சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொண்ணு அழுத்துற அழுத்து அப்படி.”

அவர் மன்னார்குடிக்குப் பஸ்ஸில் போய் சீலும் எண்ணெயும் வாங்கி வந்தார். கம்பியை உப்புத்தாள் வைத்து எண்ணெய் விட்டுத் தேய்த்தார். பழைய எண்ணெய் வாய்க்கால் அடிச்சேறு நிறத்தில் இருந்தது, அதைக் கொட்டினார். சீலைத் தலைகீழாக ஒருமுறை மாட்டி, தன்னைத்தானே திட்டிக்கொண்டு, எடுத்துச் சரியாக மாட்டினார். எண்ணெயை அளந்து ஊற்றி, பூட்டி, வண்டியில் ஏற்றினார். துள்ளல் நின்றது. தரையில் பழைய செய்தித்தாள் விரித்து இரவு முழுக்க விட்டுப் பார்த்தோம். என் பத்திரிகைதான். காலையில் அதில் ஒரு சொட்டும் இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற என் செய்தி சுத்தமாக இருந்தது.

சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை வந்தார். சாட்சியாக என்னையும் கீழே கூப்பிட்டிருந்தார் பாய். கூடத்தில் சோபாவில் மாப்பிள்ளை, எதிரே அவருடைய அம்மா, நடுவில் விரிப்பு நீக்கிய வண்டி. திரைக்குக் கீழே பாயம்மாவின் கால்களும் மகளின் கால்களும் தெரிந்தன. மாப்பிள்ளை காபியை இன்னும் வாயில் வைக்கவில்லை.

“தம்பி, போன்ல இந்த வண்டியை என்ன செய்யச் சொன்னே? ஓட்டச் சொன்னியா, ஆட்டச் சொன்னியா? நேரா சொல்லு” என்றார் அம்மா.

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார், பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையின் கீழே பார்த்தார்.

“ஆட்டத்தாம்மா சொன்னேன்.”

“எதுக்குடா ஒரு மோட்டார் சைக்கிளை ஆட்டணும்?”

“எண்ணெய் அடியில தங்கிடும்லம்மா.”

பாய் தலையை நிமிர்த்தினார். “நான் சொல்லலை?” என்றார் என்னிடம், கொஞ்சம் சத்தமாகவே. மாப்பிள்ளையின் அம்மா வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, “அங்க அந்த ஊர்ல என்னென்னத்தையோ கத்துக்குறானுங்க” என்று காபியை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேச்சு விசாவுக்குப் போனது. வந்து பேசிக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னது அம்மாவிடம் பேசிக்கொள்ளலாம் என்ற பொருளில்தான் என்று அப்போதுதான் பாய்க்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார். கோரையாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. வண்டி அதில் இறங்கி ஒரே தடவை எழுந்து நின்றது.

“உண்மையில என்னங்க சொன்னீங்க போன்ல?” என்று காதருகே கேட்டேன்.

“ஞாபகம் இல்ல சார். அந்த லைன்ல நான் பேசுறது எனக்கே கேக்காது.” பாலம் தாண்டினோம். பிறகு, “ரெண்டு வருஷமா வாரா வாரம் எனக்காக மூணு பேரு நின்னு ஒரு வண்டியை ஆட்டியிருக்காங்க சார். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?” என்றார். அவர் சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

விடுமுறை முடிந்து அவர் கிளம்பினார். மகளும் அவரோடு போனாள். வண்டி கூடத்துக்குத் திரும்பியது; பூப்போட்ட விரிப்பும் அதன்மேல் திரும்பியது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, சாப்பாட்டு வாசனையும் அடங்கிய பிறகு, கீழே அந்தச் சத்தம் கேட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தேன். பாயம்மா கைப்பிடியைப் பிடித்திருந்தார். பாய் பின்னால் நின்று அழுத்திக்கொண்டிருந்தார். இடது பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.